தணிகாசலத்தின் நடை

மென்பொருளை நிறுவிக் கொடுப்பதுதான் என் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் என் மாமியாருக்குப் புரிவதில்லை. எழுதுகிறவனா என்றால் இல்லை. விற்கிறவனா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் எழுதி, இன்னொருவர் விற்று, மூன்றாமவர் வாங்கிய சரக்கை, அதைக் கேட்கவே கேட்காத நான்காம் ஆளின் தலையில் கட்டிவிட்டு வர வேண்டும். அந்த நான்காம் ஆள் எப்போதும் மரியாதையாகத்தான் இருப்பார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார். ஊர் ஊராக அந்த டீயைக் குடித்தே எனக்கு வயிறு கெட்டுப்போனது.

கேணிமேட்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் உதவிப் பொறியாளர் செல்வகணபதி. சென்னையின் கால்வாய் ஓரங்களில் இருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிய இடம் கேணிமேடு. வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். கட்டிக் கொடுத்த வீட்டு வாரியத்துக்கு ஒரு தீராத சந்தேகம். ஒதுக்கிய வீட்டில் ஒதுக்கப்பட்டவர்தான் இருக்கிறாரா, இல்லை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டாரா? கைரேகை வைத்துப் பார்த்தார்கள். மூட்டை தூக்கியும் பாத்திரம் தேய்த்தும் பாதிப் பேருக்கு ரேகையே இல்லை. வீட்டுக்குள் கேமரா வைக்கிறோம் என்றதும் பெண்கள் விளக்குமாற்றோடு வந்தார்கள். கடைசியில் எங்கள் கம்பெனி, காலைப் பார்த்தால் போதும் என்று சொல்லி ஆர்டரை வாங்கிவிட்டது.

"தரைக்கு அடியில ஒரு தகடு சார்," என்று செல்வகணபதிக்கு முதல் நாளே விளக்கியிருந்தேன். "நடந்தா தரை லேசா அதிரும். அந்த அதிர்வு ஆளுக்கு ஆள் வேற. ஒரு தடவை நடந்து காட்டிட்டா, அப்புறம் வீட்டுக்கே தெரிஞ்சுடும் யார் இருக்கா, யார் இல்லைன்னு."

"கதவுப் பக்கத்துல அந்தப் பெட்டி எதுக்கு?"

"வீட்ல உள்ளவங்க பேரு அதுல இருக்கும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு விளக்கு. ஆள் நடமாட்டம் இருந்தா பச்சை. கொஞ்ச நாளா இல்லைன்னா மஞ்சள். ரொம்ப நாளா இல்லைன்னா சிவப்பு. சிவப்பு வந்தா அவர் அங்க குடியில்லைன்னு அர்த்தம்."

பதிவு முடிந்து அரை வருடம் சோதனை ஓட்டம் நடந்தது. சோதனைக் காலத்தில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் வேறு ஊரில் இருந்தேன். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, பூசணிக்காய் உடைத்து, அமைப்பை நிஜமாகவே ஓட விட்டோம்.

மறுநாள் காலை செல்வகணபதி என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெறக் கொஞ்ச நாளே இருந்ததால் எதற்கும் பதறாத மனிதர் அவர்.

"நசீர் சார், உங்க மெஷின் சொல்றபடி பாத்தா கேணிமேட்டுல ஒருத்தரும் குடியிருக்கல," என்றார். "அப்ப காலையில தண்ணி வரலன்னு என் சட்டையப் புடிச்சவங்கல்லாம் யாரு?"

திரையைப் பார்த்தேன். எங்கும் சிவப்பு. தகடுகளைச் சோதித்தோம், வயர்களைப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. காரணம் பிடிபட்டது ஒரு பீடிக் கடை வாசலில். லுங்கியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து விசுக் விசுக்கென்று நடந்து வந்தார். செல்வகணபதியைக் கண்டார். பீடி பின்னால் போனது, லுங்கி கணுக்கால் வரை இறங்கியது, தோள் குறுகியது. அதன்பின் அவர் நடந்த நடை வேறு யாரோ ஒருவருடைய நடை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பதிவு நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஷாமியானா, நாற்காலி, வாரிய அதிகாரிகள். ஜனங்கள் தலை வாரி, நல்ல துணி உடுத்தி, செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து நடந்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வைத்தார்கள். ஊரே ஒரே மாதிரி நடந்தது. அதைத்தான் மெஷின் படித்து வைத்திருந்தது.

"அன்னிக்கி யாரும் அவங்க நடைய நடக்கல சார்," என்றேன்.

செல்வகணபதி சிரித்தார். "எங்க முன்னாடி எப்பய்யா நடந்திருக்காங்க?"

பெங்களூரிலிருந்து என் மேலாளர் அபர்ணா வீடியோவில் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு செடி இருக்கும். எத்தனை வருடமானாலும் அது வளராது.

"நசீர், ஒரே ஒரு பச்சை கூடவா இல்ல?"

"ஒண்ணு இருக்கு. ஏழாவது மாடியில தணிகாசலம்னு ஒரு பெரியவர். அச்சு பிசகாம அதே நடை."

"அப்ப அங்க போய்ப் பாருங்க. அது ஏன் சரியா வருதுன்னு தெரிஞ்சா மத்ததுக்கும் வழி கிடைக்கும்."

"இன்னொரு சிக்கல் இருக்கு. அவர் பொண்ணு குணவதி பேரு சிவப்பு. ரெண்டே பேர் உள்ள வீடு."

வாரிய விதிப்படி வீடு குடும்பத்துக்குத்தான். குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர். ஒற்றை ஆளென்றால் ஒதுக்கீடு தானாகவே ரத்தாகி, அவரை விடுதிக்கு மாற்றும் ஆணை கிளம்பிவிடும். எல்லாப் பெயரும் சிவப்பாக இருந்த வீடுகளில் மெஷின் கோளாறு என்று சொல்லி வாரியம் ரத்தை நிறுத்தி வைத்திருந்தது. தணிகாசலம் வீட்டிலோ ஒரு பெயர் பச்சை. ஆகவே அங்கே மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே விதியும் வேலை செய்யும். திங்கட்கிழமை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆணை போகவிருந்தது. கூட்டத்தில் இதைக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் படியேறினேன். லிப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. ஏழாவது மாடியில் கதவைத் தட்டியபோது மூச்சு வாங்கியது. நாற்பதை நெருங்கிய ஒரு பெண் கதவைத் திறந்தாள். கழுத்தில் ஏதோ கிடங்கின் அடையாள அட்டை தொங்கியது. குணவதி என்று போட்டிருந்தது.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். "பொண்ணு இங்க இல்லைன்னு காட்டுது. நீங்கதான் இருக்கீங்களே. அப்பா எங்கம்மா?"

"கடைக்கிப் போயிருக்காரு சார். வர்ற நேரந்தான். உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து சமையலறைக்குப் போனாள். என் மடியில் டேப்லெட் இருந்தது. வீட்டின் படம் அதில் கோடுகளாகத் தெரிந்தது. ‘தணிகாசலம், சமையலறை’ என்றது. பிறகு ‘தணிகாசலம், கூடம்’ என்றது. தண்ணீர்ச் சொம்பை என்னிடம் நீட்டியது குணவதி.

"கால்ல ஏதாவது அடியாம்மா?"

"இல்லியே சார்."

சொல்லிக்கொண்டே என் மடியைப் பார்த்தாள். படித்தாள். சொம்பை நான் வாங்கிய பிறகும் அவள் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா பூட்டாரு சார்," என்றாள். "திருத்தணியாண்ட எங்க அத்த வீட்டுக்குப் போனோம். படுத்தவரு எந்திரிக்கல. அங்கியே எடுத்துட்டோம்."

சொம்பைக் கீழே வைத்தேன்.

"ஹார்பர்ல மூட்டை எறக்கும்போது கால் மேல வுழுந்து, அதுலேருந்து இழுத்துதான் நடப்பாரு. அன்னிக்கி எல்லாரும் ஆபீசருங்க முன்னாடி பம்மிப் பம்மி நடந்தாங்க. அவருக்கு மாத்தி நடக்கக் கால் வராதே. எப்பவும் போலதான் நடந்தாரு. அதான் இந்தப் பொட்டியில அவரு பேரு மட்டும் பச்சையா எரியும். என் பேரு மொதல்லேருந்தே செவப்பு. ‘பாத்தியா, ஊட்டுக்கு என்னைத்தான் தெரியுது, உன்னத் தெரியல’ன்னு சிரிப்பாரு."

"அப்புறம்?"

"காரியம்லாம் முடிச்சி நான் மட்டும் வந்து கதவத் தொறந்தேன். அவரு பேரு மஞ்சளா எரிஞ்சிது. எனக்கு அதப் பாக்க முடியல சார். சின்ன வயசுல அவரு மாதிரியே நடந்து காட்டி அவரச் சிரிக்க வெப்பேன். சும்மா, அது மாதிரி ரெண்டு நட நடந்தேன். பச்சையாயிடிச்சி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வந்துட்டாரு போல இருந்திச்சி. மறுநாளும் நடந்தேன்."

வீட்டுக்காக அவள் அதைத் தொடங்கவில்லை. சிவப்பு வந்தால் வீடு போய்விடும் என்பதே பின்னால்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எதிர் வூட்டுக் கோமளாதான் சொன்னா. தனிப் பொம்பளைக்கி வூடு கெடையாதாம், விடுதியில ஒரு கட்டில்தான் குடுப்பாங்களாம். கால்வா ஓரத்துல குடிசையா இருந்தாலும் அது எங்க வூடு சார். அத இடிச்சிட்டுதான் இதக் குடுத்தாங்க. இப்ப இதுவும் இல்ல, கட்டில்தான்னா நான் என்னா பண்ணட்டும்?"

அந்த விதியை எழுதியவன் நான் இல்லை. வாரியம் எழுதியதை மென்பொருளில் ஏற்றியவன், அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை நான் பல ஊர்களில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று வாய் வரவில்லை. களைப்பாக இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது.

"அப்பாவப் பத்தி நான் எதுவும் கேக்கலம்மா," என்றேன். "உங்க பேரு பச்சையாகணும். ரெண்டு பேரா இருந்துட்டா வீடு போகாது. உங்க நடைய இப்பவே புதுசா பதிவு பண்ணிடலாம், அதுக்கு எனக்கு அனுமதி இருக்கு. ஆபீசர்னு யாரும் இல்ல, என்னப் பாக்காதீங்க. எப்பவும் போல நடங்க."

அவள் முகம் தெளிந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

‘இது தணிகாசலத்தின் நடை. வேறு உறுப்பினர் நடக்கவும்’ என்றது டேப்லெட்.

"அவசரம் இல்ல. இன்னொரு தடவ."

நடந்தாள். தணிகாசலம். செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தாள். தணிகாசலம். வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்தாள். தணிகாசலம், சற்றுப் பாரத்தோடு. வலது காலைத் தூக்கி வைக்கப் பார்த்தாள். உடம்பு தடுமாறியதே தவிர கால் சொன்னபடி கேட்கவில்லை.

"வேலைக்குப் போற எடத்துல எப்படிம்மா நடப்பீங்க?"

"அங்கயும் இப்டித்தான் வருது சார். சாமான் எடுக்க ஓடற வேலையிலேருந்து எடுத்துட்டு, உக்காந்து ஒட்டற வேலையில போட்டுட்டாங்க. நொண்டி அக்கான்னுதான் கூப்புடறாங்க."

மறுபடி நடந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"நான் எப்டி நடப்பேன்னு எனக்கு ஞாபகம் வர்ல சார். யாராண்ட போய்க் கேக்கறது? அப்பாக்குத்தான் தெரியும்."

தலையைக் குனிந்துகொண்டு டேப்லெட்டைக் குடைந்தேன். கையால் பெயரைப் பச்சையாக்கும் வசதி ஒன்று முன்பு இருந்தது. ஊழியர்கள் காசு வாங்கிக்கொண்டு விளையாடுவார்கள் என்று வாரியம் அதை மூடச் சொன்னது. யாராலும் திறக்க முடியாதபடி மூடிக் கொடுத்து, அதற்கு அபர்ணாவிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன். இனி ஒரு கால் நடந்தால்தான் உண்டு.

"கோமளாவ வந்து நடக்கச் சொல்லட்டா சார்? கேட்டா வருவா."

"மறுபதிவு வச்சா அவங்க நடை அவங்க வீட்டுல பதிவாயிடும்மா. ஒரு நடைக்கு ஒரு வீடுதான். இந்தக் குடியிருப்புல யார் வந்து நடந்தாலும் மாட்டிப்பாங்க."

சொல்லி முடித்தபோதே எனக்கு அது தோன்றிவிட்டது. கேணிமேட்டில் எந்த வீட்டிலும் பதிவாகாத கால்கள் என்னிடம் இருந்தன. இது தெரிந்தால் வேலை போகும். வேலை மட்டும் போனால் நல்லது, வழக்கும் வரும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக் கடன் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"ஆம்பளையா பொம்பளையான்னு இதுக்குத் தெரியாதும்மா. அந்த வசதிய வாரியம் வாங்கல."

அந்தச் சின்னக் கூடத்தில் நடந்தேன். ஜன்னல் வரை போய்த் திரும்பி, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். டேப்லெட் கொஞ்சம் யோசித்தது. ‘குணவதி. பதிவு முடிந்தது. நன்றி’ என்றது. கதவோரப் பெட்டியில் இரண்டாவது விளக்கும் பச்சையானது.

அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிடுவாள் என்று பயந்தேன். கும்பிடவில்லை. "அப்ப நான் யாரு சார்?" என்று கேட்டாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாரா வாரம் வந்து நடந்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மற்ற வீடுகளுக்கு மறுபதிவு நடத்தினோம். ஆட்டோவில் மைக் கட்டி, ‘லுங்கியை இறக்க வேண்டாம், மடித்துக் கட்டியபடியே நடக்கவும்’ என்று அறிவித்தோம். அதிகாரிகள் யாரும் பக்கத்தில் போகவில்லை. கேணிமேடு பச்சையானது. அபர்ணா கேக் வெட்டினார். செல்வகணபதி எனக்குக் கடைசி டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றார். என்னை வேறு ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். வயிற்றைக் காரணம் காட்டி சென்னையிலேயே இருந்துகொண்டேன்.

ஞாயிறுதோறும் ஏழு மாடி ஏறினேன். மனைவியிடம் ‘சப்போர்ட் வேலை’ என்றேன். அது பொய்யும் இல்லை. நான் நடக்கும்போது குணவதி சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பாள். முதலில் பேசுவாள், கிடங்குக் கதை சொல்லுவாள். பிறகு பேச்சு குறைந்தது. என் காலையே பார்க்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் மெதுவா நடங்க சார்," என்பாள். "திரும்பும்போது எந்தக் காலு மொதல்ல வருது?"

எனக்கே தெரியாது. யோசித்தால் கால் பின்னிக்கொண்டது. "யோசிக்காம நடங்க," என்று சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கல்யாணம். போக முடியவில்லை. வாரம் முழுக்க மஞ்சள் விளக்கு கண் முன்னால் நின்றது. இன்று காலை ஓட்டமும் நடையுமாகப் படியேறினேன். கதவு திறந்தே இருந்தது. பெட்டியைப் பார்த்தேன். இரண்டு விளக்கும் பச்சை.

"உக்காருங்க சார்," என்றாள் குணவதி. "நீங்க நடக்க வேணாம்."

சுவரோரம், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் வரை நடந்து போனாள். கால் இழுக்கவில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, பல வருடமாக லேப்டாப் பை சுமந்தவனின் தோளைப் போல. குதிகால் அழுந்தப் பதிந்தது. திரும்பும்போது எந்தக் கால் முதலில் வரும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன். டேப்லெட்டைத் திறந்தேன். ‘குணவதி, கூடம்’ என்றது.

"சரியா இருக்கா சார்?"

"சரியா இருக்கும்மா."

"கிடங்குலயும் இப்டித்தான் நடக்கறேன். இனிமே யாரும் நொண்டி அக்கான்னு கூப்புட மாட்டாங்க." மூச்சு விட்டுக்கொண்டாள். "சாயந்தரம் கொஞ்ச நேரம் அப்பாவா நடந்துக்கறேன். நீங்க வர வேணாம் சார். ஞாயித்துக்கெழம வூட்ல இருங்க."

விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வீடு அவளுக்கு நிலைத்துவிட்டது, என் வேலைக்கும் ஆபத்தில்லை. படியில் இறங்க ஆரம்பித்தபோது, என்னை வழியனுப்ப அவள் கதவு வரை வரும் காலடிச் சத்தம் பின்னால் கேட்டது. நான் நின்றேன். என் நடை என் பின்னால் வந்து, வாசலில் நின்று, "பாத்துப் போங்க சார்," என்றது.